கன்சோலில் 'தேர்ட் பார்ட்டி' கேம் என்றால் என்ன? அதை விற்றால் யாருக்குக் காசு?

கன்சோலை (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவியை) தயாரித்த நிறுவனம் அல்லாமல், வெளி நிறுவனம் வெளியிடும் கேம்தான் தேர்ட் பார்ட்டி கேம். பொருட்காட்சியில் ஸ்டால் போடுவது மாதிரி: கூட்டம் சேர்ப்பவர் ஒருவர், கடை போடுபவர் இன்னொருவர். விற்ற காசில் வெளி நிறுவனம் போக, இடம் தந்த கன்சோல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. இன்றைய டிஜிட்டல் கடைகளில் அது பொதுவாக 30 சதவீதம்.

1985-ல் அமெரிக்காவுக்கு வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் என்.இ.எஸ். கன்சோல் இன்னும் கறாரானது. கன்சோலில் ஒரு பூட்டுச் சிப், கார்ட்ரிட்ஜில் (கேம் அடங்கிய, கன்சோலில் செருகும் பெட்டியில்) அதன் ஜோடி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பும் நின்டெண்டோ கையில்தான். வெளி நிறுவனம் முன்கூட்டியே பணம் கட்டி ஆர்டர் தர வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் அதன் தலையில்.

தேர்ட் பார்ட்டி என்றால் திருட்டு கேம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று கன்சோல் கடைகளில் விற்பவை முறையான உரிமத்தோடு வருபவைதான்.