மறுமொழி: கண்ணகி மாறியது எங்கே?

சிலப்பதிகாரக் கண்ணகியின் மாற்றம் பாண்டியன் அவையில் தொடங்கவில்லை. மதுரையில் அடைக்கலம் கொடுத்த இடைக்குலப் பெண் மாதரி தந்த சிறுவீட்டு அடுக்களையில் தொடங்குகிறது.

'புகாரில் அடங்கியிருந்தவள் மதுரையில் எப்படி வெடித்தாள்?' என்று திருமங்கலம் பட்டிமன்றத்தில் கேட்டால் என்ன சொல்வது எனத் தவிக்கிறீர்கள். நேராக, அவள் பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதைக்குப் போய்விட்டதால்தான் முடிச்சு அவிழவில்லை என்று நினைக்கிறேன்.

இன்றிரவு, அதற்கு முன்னே கோவலன் கொல்லப்படும் கொலைக்களக் காதையை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஆயர் குடியிருப்பு. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டித் தருகிறாள். காய் நறுக்கிக் கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது. வாழைக் குருத்தில் சோறிட்டு, கோவலன் உண்டு முடித்தபின் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' (தகாத வழியில் நடந்தீர்) என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது மாதரியின் அரவணைப்பு. மேலூர்ப் பக்கம் எங்கள் அத்தை ஒருவர் புகுந்த வீட்டில் வாயே திறக்கமாட்டார். பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான் பேச்சு வரும். இந்தக் காதை எனக்குப் புரிந்தது அவரால்தான்.

ஆனால் கண்ணகியைப் புகாரில் ஊமையாக்கிவிடாதீர்கள். காமவேள் கோட்டத்தை, அதாவது மன்மதன் கோயிலை, தொழச் சொன்ன தோழி தேவந்தியிடம் 'பீடன்று' (அது பெருமையன்று) என மறுத்தவள் அவள். எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளும்.

நேரமிருந்தால், தன்னிடம் அடைக்கலமாக வந்தவர்களை இழந்த துயரில் மாதரி தீப்புகுந்ததையும் சொல்லுங்கள்.