கணினி கேள்வி–பதில்: எந்தத் தெர்மல் பேஸ்ட், எவ்வளவு?

கேள்வி: என் மேசைக் கணினியில் ரைசன் 5 3600 பிராசஸரும் அதனுடன் வந்த கூலரும் உள்ளன. சில மாதங்களாக வீடியோ ரெண்டர் செய்யும்போது வெப்பநிலை 90 டிகிரியைத் தாண்டுகிறது. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்டை மாற்றலாம் என்றிருக்கிறேன். கடையில் நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது, எவ்வளவு வைப்பது? – வாசகர், வேலூர்

பதில்: பேஸ்ட் வாங்கப் புறப்படுவதற்கு முன், கூலரின் உலோகப் பகுதியான ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருக்கிறதா என்றும் விசிறி முழு வேகத்தில் சுழல்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். படிப்படியாக ஏறும் வெப்பத்துக்குப் பல வேளைகளில் தூசியே காரணம். அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகச் சூடாகும் என்பதால், மார்கழியில் பார்த்த அளவோடு அக்கினி நட்சத்திரத்தில் பார்த்த அளவை ஒப்பிட்டுக் கவலைப்படத் தேவையில்லை. ஆயினும் உங்கள் பிராசஸரின் உச்ச வரம்பு 95 டிகிரி. எனவே 90-ஐத் தாண்டுவதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

பிராசஸரின் உலோக மூடியும் கூலரின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், சேர்த்து அழுத்தும்போது அவற்றின் நுண்ணிய மேடுகள் மட்டுமே தொட்டுக்கொள்கின்றன. பள்ளங்களில் காற்று தங்கிவிடுகிறது. வாட்/மீட்டர்-கெல்வின் என்ற அலகில் செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400, காற்றினுடையது 0.026. சந்தையிலுள்ள பேஸ்டுகளின் உறைகளில் பெரும்பாலும் 4 முதல் 12 வரை அச்சிட்டிருப்பார்கள். காற்றோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல். செம்போடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆகவே பேஸ்ட் பள்ளங்களை நிரப்பினால் போதும், இரண்டு உலோகங்களுக்கும் நடுவே தடித்த படலமாக நிற்கக் கூடாது.

விலையைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 வாட் வெப்பம் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள பேஸ்ட் படலத்தைக் கடப்பதாகக் கொண்டால், கடத்துதிறன் 5 உள்ள பேஸ்டில் 0.65 டிகிரியும், 10 உள்ள பேஸ்டில் அதில் பாதியும் இழப்பாகும், அதாவது பிராசஸர் அந்த அளவு கூடுதலாகச் சூடாக இருக்கும். அதே 5 உள்ள பேஸ்டை 0.2 மில்லிமீட்டர் தடிமனில் விட்டுவிட்டால் இழப்பு 2.6 டிகிரியாக உயரும். உண்மையில் மூடியின் அடியிலுள்ள சிறு சில்லுகளின் மேல்தான் வெப்பம் குவிகிறது என்பதால் இந்த எண்கள் சற்றுக் கூடும். ஆனால் உறையில் உள்ள எண்ணைவிடப் படலத்தின் தடிமனே பெரிது என்ற முடிவு மாறாது. பெயரற்ற குப்பிகளைத் தவிர்த்து, ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற, மின்சாரத்தைக் கடத்தாத நடுத்தர விலைப் பேஸ்ட் ஒன்றை வாங்குங்கள். ஆயிரம் ரூபாயை நல்ல கூலருக்காகச் சேர்த்துவைப்பதே என் பரிந்துரை.

கழற்றும்போதுதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. உங்கள் பிராசஸர் பொருந்தும் ஏஎம்4 என்ற சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரிலேயே உள்ளன. அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் எதுவும் இல்லை. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூலரைச் செங்குத்தாக இழுத்தால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிராசஸர் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையலாம். கணினியைச் சிறிது நேரம் வேலை வாங்கிச் சூடேற்றி, அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்தபின், திருகுகளைக் கழற்றிக் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, பிடி தளர்ந்ததும் தூக்குங்கள். பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் இரு பரப்புகளிலிருந்தும் துடைத்து, உலரவிடுங்கள்.

மூடியின் நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். விரலால் பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். நான்கு திருகுகளையும் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் இறுக்கிக்கொண்டு போங்கள். ஒரே திருகை முதலிலேயே முழுவதும் இறுக்கினால் பேஸ்ட் ஒரு பக்கமாக ஒதுங்கும். பேஸ்ட் பரவிவிட்டதா என்று வைத்த கூலரைத் தூக்கிப் பார்க்கும் ஆவல் பலருக்கு வரும். தூக்கினால் காற்று புகுந்துவிடும். மறுபடி துடைத்துப் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

கேள்வி: மடிக்கணினியில் பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் எனும் திரவ உலோகத்தைப் பயன்படுத்தலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். அதன் கடத்துதிறன் பேஸ்டைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அது மின்சாரத்தையும் கடத்துவதால், ஒரு துளி வழிந்தாலும் மதர்போர்டு பழுதாகலாம். 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் கருவியில் அதைப் பயன்படுத்திய சோனி நிறுவனம், அது கசியாதபடி சுற்றிலும் தடுப்பு அமைத்த பிறகே பயன்படுத்தியது. மடிக்கணினியில் மூடியற்ற சில்லின் மேல் வைக்கும் சாதாரணப் பேஸ்ட், சூடாவதும் ஆறுவதுமாக இருக்கையில் மெல்ல ஓரங்களுக்குத் தள்ளப்படும். உங்கள் குறை அதுவானால், ஏறத்தாழ 45 டிகிரியில் இளகிப் படியும் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற தாளைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாதி பயன்படுத்திய பேஸ்ட் சிரிஞ்சை வைத்திருக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் பெரும்பாலும் கெடாது. மறுமுறை எடுக்கும்போது முதல் துளியைக் காகிதத்தில் பிதுக்கிப் பாருங்கள். எண்ணெய் தனியாகப் பிரிந்து வந்தாலோ மணல்போல் திரிந்திருந்தாலோ தூக்கி எறிந்துவிடுங்கள்.