வர்க்கி நொறுங்கிய அன்று

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளை நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு வயது 29. பொறியியல் முடித்துக் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதும், அதையே காரணமாக வைத்துக் கோத்தகிரிக்குத் திரும்பி, எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் நான் எதற்காகப் பிறந்தேன் என்பது புலப்படவில்லை. போட்டித் தேர்வு, புகைப்படம், இயற்கை விவசாயம் என்று எதைத் தொட்டாலும், "உனக்கு இது வராது, நீ எதையும் முடிக்கமாட்டாய்" என்று ஒரு மாதத்துக்குள் உள்ளிருந்து ஒரு குரல் எழுகிறது. அத்தோடு விட்டுவிடுகிறேன். மாலையில் பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யவில்லை. பின்னம் புரியாமல் அவள் அழுதாள். மொறுமொறுப்பான வர்க்கி ரொட்டியை உடைத்துக் காட்டினேன். அது நொறுங்கி, நாலில் ஒன்று எது என்றே தெரியாமல் போயிற்று. மறுநாள் கேரட்டை நறுக்கிக் காட்டியதும் புரிந்துகொண்டாள். இப்படியே காலம் போகிறது. வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் குரலை எப்படி அடக்குவது?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

வர்க்கி நொறுங்கியபோது அந்தக் குரல் உங்களிடம் என்ன சொன்னது? கடிதத்தை மூன்று முறை வாசித்துத் தேடினேன். அந்த இடத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் முன்னால், நீங்கள் யோசித்துச் செய்த ஒன்று கண்ணெதிரே தோற்றுப்போயிருக்கிறது. "உனக்கு இது வராது" என்று சொல்வதற்கு அதைவிடத் தோதான வேளை எது? ஆனால் நீங்களோ மறுநாள் கேரட்டோடு போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் தகுதியானவனா என்ற கேள்வி அந்த ஒரு நாள் உங்களுக்கு எழவே இல்லை. இந்தக் குழந்தைக்கு இதை எப்படிக் கண்ணில் காட்டுவது என்ற கேள்விதான் இருந்திருக்கிறது. ஆசிரியப் பணிதான் உங்கள் நோக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவசரப்பட்டு அப்படி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தக் குரல் பேசாத ஓர் இடம் உங்கள் வாழ்க்கையில் இருக்கிறது, அதை நீங்களே "உருப்படியாக எதுவும் செய்யவில்லை" என்ற வரியோடு சேர்த்துத் தள்ளிவைத்திருக்கிறீர்கள் என்பதையே சொல்கிறேன்.

"கண்டுபிடிப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கோ புதைந்து கிடக்கும் பொருளைத் தேடுவதைப் போல நோக்கத்தைத் தேடுகிறவருக்கு, தோண்டும்போது முதல் பாறை தட்டியதும் இடம் தவறிவிட்டது என்று தோன்றிவிடும். பால் ஓகீஃப், கரோல் ட்வெக், கிரெகரி வால்டன் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கருந்துளை பற்றிய ஒரு காணொளியைப் பார்த்து ஆர்வம் கொண்ட மாணவர்களுக்கு, அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே அமைந்தது என்று நம்பியவர்களிடம் அது பெரிதும் வடிந்துபோனது. வளர்த்துக்கொள்ளக் கூடியது என்று நம்பியவர்களிடம் அந்த அளவுக்கு வடியவில்லை. உங்கள் ஒரு மாதக் கணக்கையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். எந்த வேலையிலும் புதுமை தீர்ந்து கடினம் தொடங்கும் காலம் அது. உங்கள் குரல் சரியாக அந்த நேரத்துக்கு வந்து, கடினம் என்பதைத் தகுதியின்மை என்று மாற்றிச் சொல்லிவிடுகிறது.

அந்தக் குரல் யாருடையது என்று எப்போதாவது காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? எட்டாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டை வகுப்பின் முன்னால் உரக்க வாசித்துவிட்டு, "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டு மேசைமேல் போட்டார் ஓர் ஆசிரியர். நோட்டு விழுந்த ஓசை இன்னும் நினைவிருக்கிறது. அதன் பின் இருபது ஆண்டுகள், எதை எழுத உட்கார்ந்தாலும் என் மனமே என்னைத் தடுப்பதாக நினைத்திருந்தேன். ஒருநாள் உற்றுக் கேட்டபோதுதான், என் வீட்டில் யாருமே பேசாத விதத்தில் அந்தக் கடைசி "ம்மா" நீண்டு ஒலிப்பதைக் கவனித்தேன். அவருடைய சொல்லை என் சொல்லாக நான் சுமந்திருந்தேன். அன்றே அது ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் அதற்கு நான் கொடுத்திருந்த அதிகாரம் அன்றோடு போயிற்று.

அதற்காக உள்ளிருந்து எழும் கண்டனங்கள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து நடப்பதை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் கவாத்துக் கத்தியோடு வரும் பெரியவர், ஒவ்வொரு செடியின் முன்னும் ஒரு கணம் நிற்பார். நோயுற்ற கிளை எது, காய்ந்தது எது என்று பார்த்துச் சாய்வாக ஒரே வெட்டில் எடுப்பார். செடி மொட்டையாகத் தெரியும். ஆயினும் ஓரத்தில் ஒன்றிரண்டு கிளைகளை இலைகளோடு விட்டுவைப்பார். புதுத் துளிர் வந்து இலை விரியும் வரை, வேரில் சேர்ந்திருக்கும் சத்தோடு அந்தக் கிளைகள்தான் செடிக்குச் சோறு போடும். மனசாட்சியும் இப்படித்தான் வேலை செய்கிறது. "நேற்று அப்பாவிடம் கடுமையாகப் பேசினாய்" என்று ஒரு செயலைக் குறித்துச் சொல்கிறது, அதைத் திருத்திக்கொள்ள வழியும் இருக்கிறது. "நீ எதையும் முடிக்கமாட்டாய்" என்பதில் எந்தக் கிளை என்ற பேச்சே இல்லை. அது வேரிலேயே கத்தியை வைக்கிறது. இனி அது பேசினால் "எந்தக் கிளை?" என்று கேளுங்கள். குறிப்பான பதில் வந்தால் ஏற்றுத் திருத்துங்கள். வராவிட்டால் கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப் போகும் முன் "நான்" என்று எண்ணியவர்களைவிட, தம்மைத் தம் பெயர் சொல்லி அழைத்து எண்ணியவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. உங்கள் குரல் உங்களை வெறும் "நீ" என்றுதான் அழைக்கிறது. பதில் சொல்லும்போது, அண்டைவீட்டுக்காரரிடம் பேசும் மரியாதையோடு உங்களை நீங்களே பெயர் சொல்லி அழைத்துப் பேசுங்கள். முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

தூக்கம் கெட்டு, பசி போய், வாழ்வதே வீண் என்று அந்தக் குரல் சொல்லத் தொடங்கினால், அதற்கு என் கடிதம் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

ஓராண்டுக்கு நோக்கத்தைத் தேடாதீர்கள். அந்தச் சிறுமியோடு இன்னும் இரண்டு குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, எதைக் காட்டியபோது புரிந்தது, எது நொறுங்கியது என்று நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பகல் முழுவதும் தேயிலைக்கே கொடுங்கள்; அதுவும் உங்கள் வேலைதான், அப்பாவின் வேலையைத் தற்காலிகமாகப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். அடுத்து வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் பாடம் வரும். அரையையும் மூன்றில் ஒன்றையும் ஒரே கேரட்டில் எப்படிக் காட்டினீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.