லாரி: பூனையா, வண்டியா?

கேள்வி: கலைக்களஞ்சியத்துக்காகப் புகழ்பெற்ற செல்லப்பிராணிகள் பற்றி எழுதுகிறோம். தலைப்பில் பெயர் மட்டும் போதுமா, வளர்த்தவர் பெயரும் வேண்டுமா?

பதில்: பெயர் வேறெதையும் குறிக்காவிட்டால் அதுவே போதும். ஜப்பானிய நாய் ‘ஹாச்சிகோ’வுக்கு ஒட்டு எதற்கு?

சிக்கல் தமிழில்தான் கூடுதல். லண்டன் டவுனிங் தெருவிலுள்ள பிரிட்டன் பிரதமர் இல்லத்துப் பூனையை வெறும் ‘லாரி’ என்று போட்டால் சரக்கு வண்டிதான் நினைவுக்கு வரும். ஆல்ப்ஸ் மலையின் மீட்பு நாய் ‘பாரி’யோ முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலோடு மோதும். அங்கே ஓர் இடைவெளி விட்டு, அடைப்பில் விலங்கின் பொதுப்பெயர்: ‘லாரி (பூனை)’, ‘பாரி (நாய்)’. ‘செல்லம்’, ‘குட்டி’ வேண்டாம். இனப்பெயரும் வேண்டாம், அதில் சர்ச்சை வரும், தேடுபவருக்கும் தெரியாது.

வளர்த்தவர் பெயரைத் தலைப்பில் வைக்காதீர்கள். லாரி 2011இல் வந்தபோது பிரதமர் கேமரூன். அவர் 2016இல் போய்விட்டார், பூனை போகவில்லை. ‘கேமரூனின் பூனை’ என்று தேடுபவர்களுக்கு அவர்களைச் சரியான கட்டுரைக்கு அனுப்பும் ஒரு வழிமாற்றுப் பக்கம் போதும்.

ஒரே பெயரில் இரண்டு நாய்கள் இருந்தால் மட்டும் பிறந்த ஆண்டையும் சேருங்கள். ஆண்டு உறுதியில்லையா? ஊர்ப்பெயர்.