கைக்கடிகாரம் காட்டும் பத்து கிலோமீட்டரும் சைக்கிள் அளக்கும் பத்து கிலோமீட்டரும்

கேள்வி: எங்கள் குழு தமுக்கத்தில் தொடங்கி, நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஏறி, அதே வழியில் திரும்பும்படி 10 கி.மீ. ஓட்டம் ஒன்றை நடத்தவிருக்கிறது. பாதையை அளந்து சான்றிதழ் தர இருவரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் ஜிபிஎஸ் கருவியுடன் காரில் ஒரு முறை போய்வந்து அன்றைக்கே சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். மற்றவர் சைக்கிளில்தான் அளப்பேன் என்கிறார். அவர் கேட்கும் தொகையோ நான்கு மடங்கு. யாரிடம் கொடுப்பது?
— செயலாளர், தல்லாகுளம்

பதில்: சைக்கிள்காரரிடம் கொடுங்கள். உலகத் தடகள அமைப்பும், பன்னாட்டு மாரத்தான் சங்கமான எய்ம்ஸும் ஏற்றுக்கொண்டிருப்பது அளவீடு சரிபார்க்கப்பட்ட சைக்கிள் முறையைத்தான். முன் சக்கரத்தில் பொருத்தும் ஜோன்ஸ் கவுண்டர் என்னும் சிறிய எண்ணி, சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் இருபத்துமூன்றுக்கு மேல் எண்ணிவிடும். அதாவது ஓர் எண் என்பது ஒரு சாணுக்கும் குறைவான தூரம். குறைந்தது 300 மீட்டர் நீளமுள்ள நேரான சமதளச் சாலையை முதலில் எஃகு நாடாவால் அளந்து, அதன்மேல் நான்கு முறை சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கணக்கிட்ட பிறகே பாதையை அளக்கத் தொடங்குவார்கள். முடிந்ததும் அதே 300 மீட்டரில் மீண்டும் நான்கு முறை ஓட்டிப் பார்ப்பார்கள். நாடா 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது என்பதால், நம் ஊரின் 35 டிகிரியில் அந்த 300 மீட்டருக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். டயரும் வெயிலில் காற்று விரிந்து பருக்கும், மழை பெய்து தரை குளிர்ந்தால் சுருங்கும். சுருங்கிய டயரோடு பழைய கணக்கை வைத்துக் கோடு போட்டால் பாதை குறைந்துவிடும் என்பதால், இறுதிச் சரிபார்ப்பை விட்டுவிடுபவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அளக்கும் கோடும் முக்கியம். சாலையின் நடுவில் ஓட்டி அளப்பது பயனற்றது. ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியை, வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். இதற்காகச் சாலையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், போக்குவரத்துக் காவலரின் துணையோடு விடியற்காலையில் முடித்துவிடுங்கள். அளந்த நீளத்தோடு ஆயிரத்துக்கு ஒன்று வீதம், உங்களுக்கு 10 மீட்டர், கூடுதலாகச் சேர்ப்பார்கள். பாதை எக்காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இதை ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள்.

பணம் தருமுன் மூன்றைக் கேளுங்கள்: அளவையாளரின் தரநிலை (ஏ அல்லது பி), சரிபார்ப்புக் கணக்குத் தாள், தொடக்கம், முடிவு, திரும்பும் இடம் ஆகியவற்றை மின்கம்பம் போன்ற நிலையான அடையாளத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று குறித்த வரைபடம். சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும். பாதையை மாற்றினால் அன்றே செல்லாது. உங்கள் ஓட்டத்தில் எனக்குக் கவலை தருவது பாலத்தின் மேல் வைக்கும் திருப்பக் கூம்புதான். தொண்டர் ஒருவர் அதை 20 மீட்டர் முன்னால் வைத்துவிட்டால் போகவும் வரவுமாக 40 மீட்டர் போய்விடும். 2016-இல் கிளாஸ்கோவில் நடந்த அரை மாரத்தான், முன்பு அளந்தபடி பாதையை அமைக்காததால் 149.7 மீட்டர் குறைந்து, அதில் பதிவான ஸ்காட்லாந்து சாதனையே ரத்தானது.

கேள்வி: சென்ற ஆண்டு ஓடிய இரண்டு 10 கி.மீ. ஓட்டங்களில் என் கடிகாரம் ஒன்றில் 10.18 என்றும், மற்றொன்றில் 9.62 என்றும் காட்டியது. இரண்டிலும் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: முதலாவதில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் குறுகிய வழியைப் பிடித்து ஓடுவதில்லை. தண்ணீர் மேசைக்கு விலகுகிறீர்கள், முந்துவதற்கு வெளியே போகிறீர்கள், கடிகாரமும் கட்டடங்களுக்கிடையே சற்று அலைகிறது. ஆகவே சரியாக அளந்த பாதையில் அது கூடுதலாகக் காட்டுவதே இயல்பு. 9.62 சந்தேகத்துக்குரியது. ஆனாலும் ஒரு கடிகாரத்தை மட்டும் சான்றாக வைத்து வழக்காட இயலாது; உடன் ஓடிய பலரின் பதிவுகளும் அப்படியே இருந்தால் பொருள் உண்டு.

விளம்பரத்தில் ‘சான்றளிக்கப்பட்ட பாதை’ என்று அச்சிட்டிருந்தார்களா என்று பாருங்கள். இருந்தால், சான்றிதழின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். தர மறுத்தால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம் என்று கூற இடமுண்டு. முதலில் 1915 உதவி எண்ணிலும், பிறகு மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டாண்டுக்குள் மனு தர வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் கடிதத்தோடு நிறுத்தி, அடுத்த முறை பணம் கட்டுமுன் அளவீட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்குவேன்.