வாசகர் கேள்வி - பதில்: எண்ணப்பட்டவர்களும் விடுபட்டவர்களும்

கல்விச் செய்தி எழுதுகிறவர்கள் எதையெல்லாம் கற்க வேண்டும் என்று செய்தியாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டிருந்தவற்றில் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பத்து ஆண்டுகளாகக் காவல், நீதிமன்றச் செய்திகள் எழுதுகிறேன். இப்போது கல்வியையும் பார்க்கச் சொல்கிறார்கள். தனியாகக் கற்க இதில் என்ன இருக்கிறது?
*- செய்தியாளர், தருமபுரி*

நீதிமன்றச் செய்தி எழுதியவருக்கு ஆவணம் படிக்கத் தெரியும். அது பெரிய பலம். கல்வித் துறை ஆவணங்களின் வரிசையை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். மேலே சட்டம், அடுத்து அரசாணை, அதன் கீழ் இயக்குநரின் செயல்முறைகள் (அலுவலக ஆணைகள்), பிறகு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள். ஒரு அறிவிப்பு வந்தால் அது இவற்றில் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், அரசாணை வரவில்லை என்றால் "தொடங்கப்பட்டது" என்று எழுத முடியாது. "அறிவிக்கப்பட்டது" என்பதோடு நிறுத்த வேண்டும்.

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-ஐ அதன் அட்டவணையோடு ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அட்டவணையைப் படிக்காதவர்கள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டு. "ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், சட்டம் மீறப்படுகிறது" என்று எழுதுவார்கள். ஆனால் தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பதே அந்த அட்டவணை. 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். கணக்கு பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது, வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல. ஆகவே 40 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைச் சமாளிப்பது சட்டத்துக்கு உட்பட்டதுதான். செய்தி வேண்டுமானால் அந்த விதியைத்தான் கேள்வி கேட்க வேண்டும். பள்ளியைக் குற்றம் சொன்னால் அடுத்த நாள் மறுப்புச் செய்தி போட வேண்டி வரும்.

நிதிக்கு, ஆண்டுதோறும் பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பையும், துறைக்கான தொகையைச் சட்டமன்றத்தில் கேட்கும் மானியக் கோரிக்கை எண் 43-ஐயும் படியுங்கள். அங்கே மூன்று வகைத் தொகைகள் இருக்கும்: வரவு செலவுத் திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, கணக்கு. உண்மையில் செலவானது "கணக்கு" என்ற பத்தியில்தான் இருக்கும், அதுவும் இரண்டு ஆண்டு முந்தையதாக இருக்கும். இந்த ஆண்டு மதிப்பீட்டைப் பழைய ஆண்டின் கணக்கோடு ஒப்பிட்டு "இத்தனை கோடி கூடுதல்" என்று எழுதுவது தவறு. மதிப்பீட்டை மதிப்பீட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

தேர்வு முடிவு நாளில் விழுக்காட்டைத் தாண்டி எழுத எதுவும் கிடைப்பதில்லை. என்ன செய்யலாம்?
*- உதவி ஆசிரியர், மதுரை*

பிளஸ் 2 தேர்ச்சி 2024-இல் 94.56, 2025-இல் 95.03. இந்த உயர்வு 0.47 விழுக்காட்டுப் புள்ளி. "0.47 சதவீதம் உயர்வு" என்று எழுதினால் 94.56-இல் 0.47 சதவீதம் என்றாகி, பொருள் மாறிவிடும். தலைப்பு எழுதும் மேசைக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

இதைவிட முக்கியமானது, இந்த விழுக்காட்டை எதால் வகுத்தார்கள் என்பது. தேர்வு எழுதியவர்களால் வகுத்தது இது. எழுத வராதவர்கள் இதில் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் 2 மொழித்தாளுக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை என்று தெரிந்தபோதுதான் பலரும் இதைக் கவனித்தார்கள். ஒரு பள்ளிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் 1-இல் சேர்ந்தவர்கள் 120 பேர், தேர்வுக்கான பெயர்ப் பட்டியலில் 104 பேர், தேர்வு எழுதியவர்கள் 98 பேர், தேறியவர்கள் 97 பேர் என்று வையுங்கள். பள்ளி வாசலில் தட்டி 99 என்று சொல்லும். சேர்ந்தவர்களில் தேறியவர்களைப் பார்த்தால் 81 விழுக்காட்டுக்குக் கீழே.

இந்த நான்கு எண்களையும் ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டு வாங்குங்கள். அதற்காக, தேர்வு எழுதாத "22 பேரைத் துரத்திவிட்டார்கள்" என்று உடனே எழுதிவிடக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போனவர், ஐடிஐ அல்லது பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர், வேலைக்குப் போனவர், திருமணம் செய்து கொடுக்கப்பட்டவர் எல்லாரும் இந்த 22-க்குள் இருப்பார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கே பெரும்பாலும் உண்மையான செய்தி இருக்கும்.

"நூறு விழுக்காடு பள்ளிகள்" பட்டியலிலும் எண்ணிக்கையைச் சேர்த்துப் போடுங்கள். எட்டுப் பேர் எழுதிய பள்ளியில் ஒருவர் தவறினால் 87.5 ஆகிவிடும். 400 பேர் எழுதிய பள்ளியில் 20 பேர் தவறினாலும் அது 95-இல் நிற்கும். மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்தியது. பிள்ளைகள் மேல் சுமந்த பாரம் குறைய வேண்டும் என்பதற்காக நிறுத்தியதை, பள்ளிகளிடம் மதிப்பெண் கேட்டு வாங்கி நாமே மறுபடியும் வரிசைப்படுத்தக் கூடாது.

ஏசர் ஒன்று சொல்கிறது, மத்திய அரசின் அடைவுத் தேர்வு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?
*- இதழியல் மாணவி, திருச்சி*

இரண்டும் அளப்பது வேறு வேறு. ஏசர் என்பது 2005 முதல் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ஆய்வு. ஊரகப் பகுதிகளில் மட்டும், வீடு வீடாகப் போய், ஒரு குழந்தையை ஒருவர் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று ஏறும் படிகள். கணக்கில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல். பள்ளிக்குப் போகாத குழந்தையும், அன்று விடுப்பில் இருந்த குழந்தையும் வீட்டில் இருந்தால் கணக்கில் வருவார்கள். சென்னையில் படிக்கும் பிள்ளை வராது.

மத்திய அரசின் தேர்வு பள்ளிக்குள் நடப்பது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த நாஸ் (தேசிய அடைவுத் தேர்வு) 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு. அதற்கு அடுத்ததாக 2024 டிசம்பர் 4-இல் நடந்த பரக் ஆய்வு 3, 6, 9 வகுப்புகளுக்கு. நகரமும் ஊரகமும், அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் உண்டு. ஆனால் அன்று பள்ளிக்கு வந்த பிள்ளை மட்டும்தான். ஏசர் கேட்பது "அடிப்படை வாசிப்பு வருகிறதா". இந்தத் தேர்வுகள் கேட்பது "அந்த வகுப்புக்குரியது வருகிறதா". ஒரே மாநிலம் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கலாம், இரண்டும் பொய்யாக இல்லாமலே. 2021-இன் 5, 8-ஐ 2024-இன் 6, 9-ஓடு ஒப்பிட்டு "சரிவு" என்று தலைப்பு வைப்பதும் செல்லாது.

பள்ளிகளின் சேர்க்கை, ஆசிரியர், வசதி விவரங்களை மத்திய அரசு ஆண்டுதோறும் திரட்டும் யூடைஸ் பிளஸ் கணக்கெடுப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2021-22-இல் நாடு முழுதும் சுமார் 26.5 கோடியாக இருந்த சேர்க்கை 2023-24-இல் 24.8 கோடி என்று வந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளியை விட்டுவிட்டார்கள் என்று படிக்கக் கூடாது. 2022-23 முதல் பள்ளிவாரி மொத்தத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். இரண்டு பள்ளிகளில் பெயர் இருந்தால் அது நீங்கிவிடும். பழைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

எந்த ஆய்வறிக்கை வந்தாலும் முதலில் முறையியல் பக்கத்தைத் திறந்து ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: யாரை எண்ணினார்கள், எங்கே, எந்த நாளில், எதைக் கேட்டார்கள், யார் விடுபட்டார்கள். அதற்குப் பிறகு தலைப்பை யோசிக்கலாம்.

ஒரு யூடியூப் சேனல்காரர் எங்கள் பள்ளிக்கு வந்து, ஒரு பையனை மைக் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லி, அவன் திணறியதை வெளியிட்டுவிட்டார். இது சரியா?
*- இடைநிலை ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்*

சரியே அல்ல. அந்தப் பையன் நாளையும் அதே ஊரில் நடக்க வேண்டும். செய்தி என்ற அளவில் பார்த்தாலும் அதில் ஒன்றும் தேறாது. ஒரு குழந்தையை வைத்துப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கேமராவைக் கண்டால் நன்றாக வாசிக்கிற பிள்ளையும் திக்கும்.

வகுப்பறையைப் பார்ப்பது ஒரு தனித் திறன், கற்றுக்கொள்ள வேண்டியது. தலைமையாசிரியரின் அனுமதியோடு, மணி அடிக்கும் முன்பே போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். பாடம் நடக்கும்போது நுழைந்தால் நீங்கள் பார்ப்பது உங்களுக்காக நடக்கும் பாடம். வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் உட்கார்ந்திருக்கும் தலைகளையும் எண்ணுங்கள். ஒரு தாளில் இருக்கைகளை வரைந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாற்பது நிமிடத்தில் முன்வரிசை ஐந்து கட்டங்களில் புள்ளிகள் குவிந்து, சுவரோரம் வெறுமையாக இருப்பதைத் தாளே காட்டும். மணி அடித்த எத்தனையாவது நிமிடத்தில் பாடம் தொடங்கியது, இடையில் ஆசிரியர் எதற்காக வெளியே அழைக்கப்பட்டார் என்றும் குறியுங்கள். எமிஸ் (மாநில அரசின் பள்ளித் தகவல் தளம்) பதிவேற்றமா, கூட்டமா, பயிற்சியா என்று போன மாதத்துக்கும் கேளுங்கள். ஒரே அறையில் மூன்று வகுப்பு என்றால், ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்பதில்தான் உங்கள் கண் இருக்க வேண்டும்.

வாசிப்பைப் பார்க்க விரும்பினால் நடத்தி முடித்த பாடம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். அதே நிலையில் பிள்ளைகள் பார்த்திராத ஒரு பக்கம் கொண்டுபோங்கள். ஆசிரியர் உடன் இருக்க, ஓரமாக, ஒவ்வொருவராக. பெயர் வேண்டாம், படம் வேண்டாம், எண்ணிக்கை போதும். குறைந்தது மூன்று பள்ளி, வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். கழிப்பறையைப் பற்றி எழுதுவதானால் காலை இடைவேளையில் போய்க் குழாயைத் திறந்தும் தாழ்ப்பாளைப் போட்டும் பார்க்க வேண்டும். கட்டடம் இருப்பதும் பயன்படும் நிலையில் இருப்பதும் யூடைஸிலேயே இரண்டு தனிக் கேள்விகள்.

பள்ளிப் பாலியல் குற்றச் செய்தியில் பள்ளியின் பெயரைப் போடலாமா?
*- துணை ஆசிரியர், கோவை*

கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012-இன் 23-ஆவது பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் அனைத்தையும் தடுக்கிறது. குழந்தையின் நலனுக்காகச் சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெளியீட்டாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவும் பள்ளியைக் குறிப்பிடத் தடை விதிக்கிறது. அது பாதிக்கப்பட்ட குழந்தைக்கும், குற்றம் சாட்டப்பட்ட சிறாருக்கும், சாட்சிக்கும் பொருந்தும்.

காவல் துறைச் செய்திக்குறிப்பில் இருக்கிறதே என்பது தற்காப்பு ஆகாது. நடைமுறையில் பிழை துண்டு துண்டாக வரும்: ஒரு நாளிதழ் ஊரைப் போடும், இன்னொன்று வகுப்பை, மூன்றாவது தந்தையின் தொழிலை. சேர்த்தால் குழந்தை தெரிந்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினர் என்றால் அவர் பெயரே குழந்தையைக் காட்டிக்கொடுக்கும். அவர் அந்தச் சிறு பள்ளியின் ஒரே உடற்கல்வி ஆசிரியர் என்றாலும் அப்படித்தான்.

தேர்வு முடிவை ஒட்டி மாணவர் தற்கொலை நடந்தால் எப்படி எழுதுவது?
*- செய்தியாளர், சேலம்*

இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் ஏற்ற நெறிமுறை தெளிவாக இருக்கிறது: முக்கிய இடத்தில் போடாதே, வழிமுறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, படமும் காணொளியும் வேண்டாம். தலைப்பில் ஒற்றைக் காரணமும் கூடாது. "தேர்வில் தோல்வி, மாணவி..." என்று தொடங்கும் தலைப்பு, தோற்ற இன்னொரு பிள்ளைக்கு அதையே விடையாக நீட்டுகிறது. அந்த இடத்தில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள், மறுகூட்டலுக்கான வழி, 104, 14416 ஆகிய உதவி எண்கள் வரட்டும். முடிவு வரும் நாளின் பக்கத்திலேயே இவற்றை முன்கூட்டி வைத்துவிடுங்கள்.

ஆசிரியர் காலியிடம் பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். "தகவல் இல்லை" என்று பதில் வந்தது.
*- பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், நாகப்பட்டினம்*

நீங்கள் "ஏன் நியமிக்கவில்லை" என்று கேட்டிருப்பீர்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டம் தரும், விளக்கத்தைத் தராது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் நடக்கும். இப்படிக் கேளுங்கள்: "இன்ன ஒன்றியத்தில், ஆகஸ்ட் 1 நிலவரப்படி, பள்ளிவாரியாக, பாடவாரியாக அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியான பணியிடங்கள், பணியாளர் நிர்ணயச் செயல்முறைகளின் நகல், அதே நாளில் மாற்றுப் பணியில் உள்ள ஆசிரியர்களின் எண்ணிக்கை, எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்கு." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காகிதத்தில் காலியிடமே இல்லாத பள்ளியில் ஆள் இல்லாமல் இருப்பதற்கு மாற்றுப் பணி முக்கியமான காரணம்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, பதிவுத் தபாலில். அலுவலகம் தவறென்றால் ஐந்து நாளில் உரியவருக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. 30 நாளில் பதில் இல்லை என்றால் அதுவே மறுப்பு. அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எங்கள் சிறிய இதழில் நான்கு பேர்தான். பயிற்சி நடத்தப் பணம் இல்லை.
*- ஆசிரியர், மாத இதழ், தஞ்சாவூர்*

நான்கு சனிக்கிழமைகள், இரண்டிரண்டு மணி நேரம் போதும். முதல் வாரம் கல்வி உரிமைச் சட்டமும் கொள்கை விளக்கக் குறிப்பும். இரண்டாம் வாரம் உங்கள் ஒன்றியத்தில் பத்துப் பள்ளிகளின் யூடைஸ் அறிக்கை அட்டை. 11 இலக்க யூடைஸ் எண் தெரிந்தால் போதும், தமிழகப் பள்ளிகளுக்கு அது 33-இல் தொடங்கும். ஆசிரியர், கழிப்பறை, சேர்க்கை மூன்றையும் ஒரு தாளில் ஏற்றுங்கள். மூன்றாம் வாரத்துக்கு முந்தைய நாள்களில் அவற்றில் இரண்டு பள்ளிகளுக்கு நேரில் போய், அட்டையில் இருப்பதும் கண்ணில் பட்டதும் எங்கே முரண்படுகின்றன என்று பேசுங்கள். நான்காம் வாரம் போக்சோ, தற்கொலை நெறிமுறை.

பயிற்சிகள் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு. அதிகாரி ஒருவரை அழைத்துத் திட்டங்களைப் பட்டியலிடச் சொல்கிறார்கள். அது பயிற்சி அல்ல, செய்திக்குறிப்பு. அடுத்தது, நிருபரை மட்டும் உட்கார வைக்கிறார்கள். தலைப்பு எழுதுகிறவர், படம் தேர்கிறவர், செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேரச் செய்தியாளர் யாரும் வருவதில்லை. பகுதிநேரச் செய்தியாளர் அந்த எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த நாள்களின் வருமானம் போகும். அதற்கு ஈடாக ஒரு தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு நாள் குறியுங்கள்.