யார் குடை?

கேள்வி (சிங்கப்பூர், யீஷூன் வாசகி): ஐரோப்பியப் புத்தகம் ஒன்றில் ‘ஷேகி பாராசோல்’ என்னும் குடைக் காளானைச் சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறது. மழை விட்டதும் எங்கள் புளோக் புல்தரையில் அச்சு அசலாக அதே குடை. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

பதில்: குடை என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. நம் அலுவலக வாசலில் இதுவரை ஏழு குடைகள் போய்விட்டன. ஏழையும் எடுத்தவர்கள் கவிஞர்களே. கட்டுரையாளர்கள் எடுக்கமாட்டார்கள், மழை நிற்கும்வரை உட்கார்ந்து பேசியே கொல்வார்கள். மரபுக்கவிஞரா புதுக்கவிஞரா என்று கேட்காதீர்கள், அந்தச் சண்டை போன இதழோடு முடிந்தது. ‘நாய்க்குடை’ கொச்சை, ‘காளான்’ என்றே எழுதுங்கள் என்று மூன்று கடிதம் போட்ட பெரியவருக்கும் சொல்கிறேன்: நாய்க்குடைதான். நாய் ஒன்றுதான் இன்னும் என் குடையை எடுக்கவில்லை.

சரி, உங்கள் புல்தரை. அங்கே நிற்பது பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ். புத்தகத்தில் இருப்பது அதன் பங்காளி, ராகோடிஸ். குளோரோஃபில்லம் என்றால் கிரேக்கத்தில் பச்சை இலை. பச்சையம் துளிக்கூட இல்லாத காளானுக்கு இப்படி ஒரு பெயரை 1898இல் மாஸி என்பவர் வைத்தார். குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் முற்றியதும் பச்சையாகின்றனவே, அதனால். அப்புறம் 2002இல், மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, மடிப்பு வெளுத்த ராகோடிஸையும் அதே வீட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். பச்சையே இல்லாதவருக்குப் பச்சையப்பன் என்று பெயர்!

இளசாக இருக்கையில் நம்மூர்க் குடையின் மடிப்பும் வெள்ளைதான், அங்கேதான் ஏமாறுகிறார்கள். நறுக்கினால் ராகோடிஸ் சிவக்கும். நம்மூர்க் குடையும் சில சமயம் லேசாகச் சிவந்து தொலைக்கும். முற்றிய குடையைக் காம்பில்லாமல் வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வையுங்கள். பச்சைத் தூள் படிந்தால் மாலிப்டைடிஸ். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. வெள்ளைத் தூள் படிந்தால் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லவில்லை. ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைக் காளான்களும் வெள்ளைத் தூளைத்தான் உதிர்க்கும். ராகோடிஸே சிலர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

குழம்புக்குத் தேக்கா சந்தையில் சிப்பிக் காளான் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்புக் கைப்பிடி, ஒரு கம்பி மட்டும் வளைந்தது, அந்தப் பக்கம் எந்தக் கவிஞர் கையிலாவது தெரிந்தால் அது என்னுடையது.